பிரவுசருக்குள் என் மகள் போட்ட பாலம்

என் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகிறவள் இல்லை நான். எங்கள் தெருவில் மற்றவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் பெற்ற பிள்ளை செய்கிற வேலை எனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று உட்கார்ந்து கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது. அந்தக் குழப்பத்தில் அவள் வெளிநாடு போகிற காரியமே நின்றுபோகப் பார்த்தது. அதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், கை மெதுவாகத்தான் போகும். போகட்டும், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் திருப்பனந்தாளிலிருந்து அணைக்கரை போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பாவாடை கட்டிய வயதிலேயே நான் பண்ணை வயலில் நடவுக்கு இறங்கிவிட்டேன். என் கைக்கு நிகராக நட இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் சவுதிக்குப் போனது எல்லாரும் போய்க்கொண்டிருந்த காலத்தில். கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை என்று ஏஜென்ட் சொன்னான். எங்கள் மாமியார் சரி என்றார், மாமனார் சரி என்றார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அங்கிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார்கள். பக்கத்து வீட்டு டேப்ரெக்கார்டரில் போட்டுக் கேட்டேன். "கடையிலதான் இருக்கேன், ஒரு குறையும் இல்ல" என்று இவர் பேசுகிறார். பின்னால் ஆடு கத்துகிறது. ஒரு ஆடு இல்லை, ஒரு மந்தையே கத்துகிறது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைத்தெருவுல ஆடும் விக்குது போலருக்கு" என்றார். பாலைவனத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு அவர் அங்கிருந்து தப்பி, கட்டட வேலைக்கு மாறி, பணம் அனுப்பினார். பண்ணைக்காரர் பிள்ளைகள் ஒவ்வொருவராக மெட்ராஸ் போய் நிலத்தை விற்கத் தொடங்கினார்கள். நான் கூலிக்கு நட்ட வயலிலேயே கொஞ்சம் வாங்கினோம். மகளைப் படிக்க வைத்தோம். அவள் இன்ஜினியர் ஆகி மெட்ராஸில் வேலைக்குப் போனாள்.

அவள்தான் அந்த வருடம் சம்பா நடவு சமயத்தில் வீட்டுக்கு வந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கம்பெனி விட்டிருக்கிறது என்றாள். வந்த மறுநாள், சாப்பிட்டுக் கை கழுவும்போது விஷயத்தைச் சொன்னாள். கம்பெனி அவளை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறது. இங்கே பார்க்கிற அதே வேலையை அங்கே போய், இன்னும் பெரிய ஆட்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும். சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அவள் இல்லை என்றால் வேறு ஒருவர் போய்விடுவார்.

"போயிட்டு வாடா கண்ணு, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்று இவர் சொல்லிவிட்டார்.

"நீங்க சொன்னா ஆச்சாப்பா? அம்மா சொல்லட்டும்" என்றாள் அவள். "நீங்க சவுதி போனப்ப அம்மாவை ஒருத்தரும் கேக்கலையாம். சின்ன வயசுலேர்ந்து நூறு தடவை சொல்லிக் காட்டியிருக்கு. நான் கேட்டுட்டுத்தான் போவேன். அம்மா வேணாம்னா போகல."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "என்ன வேலைன்னு சொல்லு. தெரிஞ்சாத்தான் பதில் சொல்லுவேன்" என்றேன். என்ன வேலை என்று தெரியாமல் ஒருவரை அனுப்பிவிட்டு நான் பட்டது போதும்.

"உங்கம்மாவுக்கு அதைப் புரிய வச்சுட்டா உங்க கம்பெனிக்காரன் உனக்குக் கோயில் கட்டுவான்" என்று சொல்லிவிட்டு இவர் கட்டிலில் சாய்ந்துகொண்டார்.

அவள் தரையில் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பிரவுசர்னா தெரியும்ல உனக்கு? போன்ல நெல்லு வெல தேடிப் பாக்குறியே, அந்த ஜன்னல். அதுக்குள்ள ரெண்டு மாதிரி புரோகிராம் ஓடும். ஒண்ணு, படிக்கப் படிக்கச் செய்யும். ஒரு வரியப் பாக்கும், செய்யும், அடுத்த வரியப் பாக்கும், செய்யும். இன்னொண்ணு, மொத்தத்தையும் முன்னாடியே மெஷினோட பாஷைக்கு மாத்தி வச்சது. அது படிக்கிறதுக்கெல்லாம் நிக்காது. குடுத்தா கடகடன்னு முடிச்சிரும்."

"ஒண்ணு அரிசி, ஒண்ணு சோறு" என்றேன்.

அவள் கையைத் தட்டினாள். "கிட்டத்தட்ட அப்படித்தான்!"

"சோறாக்கி வச்ச பிறகு அரிசிக்கு அங்க என்ன வேலை?"

கட்டிலில் இவர் சிரிப்பது கேட்டது.

"அரிசின்னு வேணாம்மா. வாசல்ல நிக்கிற ஆளுன்னு வச்சுக்க. வெளியிலேர்ந்து யாராவது தொட்டா, எழுதுனா, அந்த ஆளுக்குத்தான் தெரியும். உள்ள இருக்கிறதுக்கு வெளிய நடக்கிறது ஒண்ணும் தெரியாது. ஆனா பெரிய கணக்கெல்லாம் அதுதான் போடும். வாசல் ஆளு போட்டா விடிஞ்சிரும். அதனால வாசல்லேர்ந்து உள்ளயும், உள்ளேர்ந்து வாசலுக்கும் விஷயம் போய் வரணும். அந்தப் பாலத்தைப் போடுறதுதான் என் வேலை."

"இப்ப அரிசி வாசல்ல நிக்குதுங்கிறே."

"அம்மா!"

எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறார்களே, அந்தப் படத்தை எந்த ஊரில் இருக்கிற டாக்டரும் அந்த ஜன்னலைத் திறந்து பார்க்கலாமாம். படத்தைப் பெரிதாக்க, குறுக்கே வெட்டிப் பார்க்க ஒரு பழைய புரோகிராம் இருக்கிறதாம். வெள்ளைக்காரர்கள் எத்தனையோ வருடத்துக்கு முன்னால் எழுதியது. எழுதியவர்களில் சிலர் செத்துப்போய்விட்டார்களாம். அதைத் திரும்ப எழுத ஒருவருக்கும் தைரியம் இல்லை. அதனால் அதை அப்படியே எடுத்து ஜன்னலுக்குள் உட்கார வைத்துப் பாலம் போடுகிறார்கள்.

"அப்ப டாக்டர் வேலையா?"

"இல்லம்மா."

"பின்ன ஸ்கேன் எடுக்கிற வேலையா?"

"அதுவும் இல்லம்மா."

எதெல்லாம் இல்லை என்று நன்றாகத் தெரிந்தது. எது என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் பாலம் என்ற வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. மழைக் காலத்தில் எங்கள் தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் வாய்க்கால் நிரம்பிவிட்டால் பனைமரத்தைக் குறுக்கே போட்டு நடப்போம். அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டு அன்றைக்குத் தூங்கிவிட்டேன். அன்றைக்கே சரி என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

மறுநாள் காலையில் அடுப்படியில் இருந்தேன். கூடத்திலிருந்து, "ஐயோ, செத்துப்போச்சு!" என்று அவள் சத்தம் போட்டாள். கையில் கரண்டியோடு ஓடினேன். ஆடு மாடு எல்லாம் கண்முன்னால் வந்துவிட்டது.

"யாருடி?"

"பேஜும்மா. ஸ்கேன் பேஜ் செத்துப்போச்சு. மூச்சு முட்டி நின்னுருச்சு."

என்ன ஆனது என்று கேட்டேன். எழுதிக்கொண்டே வந்தவள் கடுப்பில் கொட்டினாள். வாசல் பக்கத்துப் புரோகிராமில் வேண்டாததைக் கீழே போட்டுவிட்டால் போதுமாம். பின்னாலேயே ஒன்று வந்து கூட்டி அள்ளிக்கொண்டு போய்விடுமாம். உள்பக்கத்தில் அப்படி இல்லை. கேட்டு வாங்கிய இடத்தை வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வாசல் பக்கத்துக்காரர்கள் பழக்கதோஷத்தில் அங்கேயும் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் மூச்சு முட்டிவிடுகிறது.

"இந்தப் பக்கம் கூட்டுறதுக்கு ஆள் இருக்கும்மா. அந்தப் பக்கம் கிடையாது" என்றாள்.

எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. எங்கே என்று தெரியவில்லை. கரண்டியை வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்தப் பக்கத்துக்காரங்க போட்டுட்டுப் போறதை யாரோ கூட்டுறாங்க. அந்தப் பக்கத்துக்காரங்க அவங்க அவங்க கூட்டிக்கணும். அப்படியா?"

"அப்படின்னும் சொல்லலாம்."

"சரி. நீ பாலம் போட்டியே, அதுல என்ன போகுது? எப்படிப் போகுது? எனக்கு அதைக் காட்டு."

அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கோலமாவை எடுத்துக்கொண்டு வந்து கூடத்துத் தரையில் நீளமாக ஒரு வரிசைக் கட்டம் போட்டாள். தாயக்கட்டம் மாதிரி இல்லை, ஒரே வரிசை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பர்.

"உள்ள இருக்கிற புரோகிராமுக்கு இந்த வரிசைதான் உலகம். வேற எதுவும் தெரியாது. எழுத்துத் தெரியாது, பேர் தெரியாது, படம் தெரியாது. நம்பர்தான் தெரியும். இப்ப உன் பேரை அதுகிட்டச் சொல்லணும்னு வச்சுக்க. என்ன பண்ணுவேன்? உன் பேரை ஒவ்வொரு எழுத்தா நம்பராக்கி இந்தக் கட்டத்துல வரிசையா வைப்பேன். வச்சுட்டு, எந்தக் கட்டத்துலேர்ந்து எத்தனை கட்டம்னு மட்டும் அதுகிட்டச் சொல்லுவேன். அது போய் எடுத்துக்கும். பதில் சொல்லணும்னா அதுவும் இந்த வரிசையிலதான் ஒரு இடத்துல வச்சுட்டு, எங்க இருக்குன்னு மட்டும் சொல்லும். நாங்க போய் எடுத்துக்குவோம்."

"கையில குடுக்க மாட்டீங்களா?"

"கையில குடுக்க முடியாதும்மா. அதுக்கும் இதுக்கும் கை கோக்காது. கீழ வச்சாத்தான் எடுக்கும்."

எனக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

பண்ணை வீட்டுக் கொல்லையில் கிணற்றடியைத் தாண்டி ஒரு துவைக்கிற கல் கிடந்தது. பண்ணையம்மா கூலி நெல்லானாலும், பழைய சோறானாலும், பண்டிகைக்குக் கொடுக்கிற துணியானாலும் அந்தக் கல்லின்மேல் வைப்பார். வைத்துவிட்டு நான்கு எட்டு உள்ளே போய் நின்றுகொண்டு, "அங்க வச்சிருக்கேன்" என்பார். அதற்குப் பிறகு நாங்கள் போய் எடுத்துக்கொள்வோம். நாங்கள் பறித்துக்கொண்டு போன கீரையையும் அந்தக் கல்லில்தான் வைக்க வேண்டும். அவர் கையும் என் கையும் ஒரு பொருளை ஒரே நேரத்தில் பிடித்தது கிடையாது. என் தாயாருக்கும் கிடையாது. நல்ல மனுஷிதான், ஒரு சுடுசொல் சொன்னதில்லை. வைப்பார், போய்விடுவார்.

இதைப் படிப்பவர்களுக்கு அதுவும் இதுவும் ஒன்றா என்று தோன்றலாம். எனக்கு அந்த நிமிஷத்தில் ஒன்றாகத்தான் இருந்தது. நான் வெயிலில் நட்டு, இவர் ஆடு மேய்த்து, படிக்க வைத்த பிள்ளை பெரிய கம்பெனியில் போய் இதையா செய்கிறாள்? அங்கே ஒரு வாசல் பக்கம், ஒரு உள்பக்கம். ஒருவர் போட்டதை ஒருவர் கூட்ட வேண்டும். கையில் கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் எங்கே எதை வைப்பது என்று ஏற்பாடு பண்ணுகிறவள் என் மகள்.

"இதுக்கா நீ படிச்சே?" என்றேன்.

"எதுக்கும்மா?"

"கொல்லையில வச்சு எடுத்துக்கிற வேலைக்கு."

அவளுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அந்தக் கல்லைப் பற்றி முன்பே அவளிடம் சொல்லியிருக்கிறேன். விளங்கியதும் முகம் மாறிவிட்டது.

"ஐயோ அம்மா, இது மனுசங்க இல்லம்மா. புரோகிராம். அங்க யாரும் யாரையும் தள்ளி வைக்கல. ரெண்டும் வேற வேற மாதிரி செஞ்சது, அவ்ளோதான்."

"அப்படித்தான் பண்ணை வீட்டுக்காரங்களும் சொன்னாங்க."

இவர் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "என்ன புள்ள நீ, அது மெஷினுங்குது, நீ எதையோ கொண்டு போய் எதுலயோ சேக்குறே" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. மெஷினை மனுசந்தானே செஞ்சான்? கையில குடுக்கிற மாதிரி செய்யலாமுல்ல? கீழ வச்சு எடுக்கிற மாதிரி ஏன் செஞ்சான்?"

மகள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் துடைப்பத்தை எடுத்து அந்தக் கட்டங்களைக் கூட்டித் தள்ளிவிட்டேன். "வெள்ளிக்கிழமைக்கு என்ன பதில் சொல்லணுமோ நீயே சொல்லிக்க. என் வாயால இந்த வேலைக்குப் போன்னு சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லாம நான் போகமாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல."

"அப்ப போகாத."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அவள் காதில் மாட்டுகிற மிஷினை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் யாரிடமோ பேசுவாள், தட்டுவாள், எழுந்து வாசலில் போய் நிற்பாள். சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள். ஒருநாள் இவர் என்னிடம் மெதுவாக, "அந்தப் புள்ள முகம் சின்னதாப் போச்சு. எனக்கும் ஒண்ணும் விளங்கலதான். விளங்கலன்னா விட்டுர வேண்டியதுதானே" என்றார். விட்டுவிட முடிந்தால் விட்டிருக்க மாட்டேனா? ஒரு பக்கம், மெஷினுக்கு ஏது சாதி என்று எனக்கே தோன்றும். இன்னொரு பக்கம், அந்தக் கல் கண்ணில் வந்து நிற்கும். எது சரி என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை எங்கள் வயலில் நடவு. வாய்க்காலில் தண்ணீர் பிந்தி வந்ததால் எல்லார் வயலுக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேவை. மிஷின் வைத்து நடலாம் என்று இவர் சொன்னார். மிஷின் நட்டால் மூலையெல்லாம் மொட்டையாக நிற்கும், என் வயலில் அது நடக்காது என்று சொல்லிவிட்டேன். வாய்க்காலுக்கு அந்தண்டை ஊரிலிருந்து பெண்கள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவள் வாய்க்காரி. சிரிக்காமல் ஒரு பேச்சு பேச மாட்டாள்.

பத்து மணி வாக்கில் தூக்குவாளியில் டீ கொண்டு போனேன். எப்போதும் செய்வதுபோல டம்ளர்களை வரப்பில் வரிசையாக வைத்து, ஊற்றிவிட்டு, "வச்சிருக்கேன், வாங்கடி" என்று குரல் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

அப்படியே நின்றேன். பெண்கள் கரையேறி வந்து குனிந்து ஒவ்வொரு டம்ளராக எடுத்தார்கள். விரல் எல்லாம் சேறு. விளிம்பை இரண்டு விரலால் கவ்வி எடுக்கிறார்கள். நான் ஒரு டம்ளரைக் கையில் எடுத்து வாய்க்காரியிடம் நீட்டினேன்.

"இந்தா, கையில வாங்கிக்க."

"என்னக்கா புதுசா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கினாள். சேற்றுக் கை, டம்ளர் வழுக்கியது. டீ அத்தனையும் அவள் புடவையில். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் கொக்கு எல்லாம் பறந்துவிட்டது.

"வாயில ஊட்டிவிட்டிருந்தா இன்னும் சீக்கிரம் ஊத்தியிருக்கலாம்" என்றாள் ஒருத்தி.

"அக்காவுக்கு வயசாயிருச்சு, மாப்பிள்ளைக்குக் குடுக்கிறதா நினைச்சுட்டாங்க" என்றாள் இன்னொருத்தி.

நான் சிரிக்கவில்லை. "ஏண்டி, நான் வரப்புல வச்சுட்டுக் கூப்பிடுறது உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கா? உள்ளதைச் சொல்லுங்க" என்று கேட்டேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். வாய்க்காரி புடவையை உதறிக்கொண்டே, "ஒரு மாதிரியாத்தான் இருக்கு. டீ ஆறிப்போயிருக்கு. சக்கரையும் பத்தல. நாளைக்கு நல்லாப் போட்டுக் கொண்டா, இல்லன்னா அடுத்த வயலுக்குப் போயிருவோம்" என்றாள். "எனக்குக் கொட்டுனதுக்கு இன்னொரு டம்ளர் ஊத்து."

ஊற்றினேன். வரப்பில் வைத்தேன். எடுத்துக்கொண்டாள்.

வரப்பு வழியாக வீட்டுக்குத் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நானும் கீழேதான் வைத்தேன், பண்ணையம்மாவும் கீழேதான் வைத்தார். அப்படியென்றால் நானும் அவரும் ஒன்றா? ஒன்று என்று மனது ஒப்பவில்லை. ஒன்று இல்லை என்றால், எது வேறு? பாதி வழி வரைக்கும் பிடிபடவில்லை. அப்புறம் வாய்க்காரி என்னை மிரட்டினது ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. நாங்கள் பண்ணை வீட்டுக் கொல்லையில் போய் நின்றால் குரல் கொடுக்க மாட்டோம். உள்ளே இருப்பவர்கள் தாங்களாகப் பார்க்கிறவரைக்கும் நிற்போம். ஒரு தடவை என் தாயாருக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்து, மாத்திரை கேட்கப் போய், வெயில் சாய்கிற வரைக்கும் நின்றேன். அவர்கள் எங்களைக் கூப்பிடலாம். நாங்கள் அவர்களைக் கூப்பிடக் கூடாது. "டீயில சக்கரை இல்ல" என்று நான் அங்கே சொல்லியிருக்க முடியுமா?

வீட்டுக்கு வந்து கால் கழுவக்கூட இல்லை. சேற்றுக் காலோடு கூடத்து வாசற்படியில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

"ஒண்ணு கேக்குறேன், உள்ளதைச் சொல்லு. வாசல் பக்கத்துக்காரன் உள்ள இருக்கிறவனைக் கூப்பிடுறான், சரி. உள்ள இருக்கிறவனுக்கு ஏதாவது வேணும்னா வாசல் பக்கத்துக்காரனைக் கூப்பிட முடியுமா?"

நான் கோபமாக வரவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு பேசினாள்.

"நான் கைவைக்கிறதுக்கு முன்னாடி முடியாதும்மா. கேட்டதுக்குப் பதில் சொல்லும். அவ்ளோதான் ஏற்பாடு. பாதி வேலையில அதுக்கு ஒரு சந்தேகம் வந்தாலும் வாயைத் தொறக்க வழி இல்லாம முழிச்சுகிட்டு நிக்கும்."

"இப்ப?"

"அந்த வழியைத்தான் நான் எழுதிகிட்டிருக்கேன். வாசல் பக்கத்துல இருக்கிற ஆளுங்களை ஒரு வரிசையா நிறுத்தி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் குடுத்து, அந்த நம்பரையெல்லாம் உள்ள இருக்கிறதுகிட்டக் குடுத்திருக்கேன். அதுக்கு யாரு வேணுமோ அந்த நம்பரைச் சொன்னா, இவங்க எந்திரிச்சுப் போய் நிக்கணும். என்னை அங்க கூப்பிடுறதே அதுக்குத்தான்."

"கூப்பிட்டா வர்றாங்களா?"

"வர்றாங்க. சில நேரம் தப்பான ஆளு எந்திரிச்சு வந்துர்றாரு. அதான் ஒரு வாரமா உசிரை வாங்குது."

எனக்கு அதுவும் முழுசாக விளங்கவில்லை. வாசலில் நிற்கிறவன் பெரியவனா, உள்ளே இருக்கிறவன் பெரியவனா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. சில சமயம் உள்ளே இருப்பதுதான் பண்ணை வீடு என்றும், வாசலில் நிற்பதுதான் நாங்கள் என்றும் தலைகீழாகத் தோன்றும். அவளிடம் கேட்டால், "அப்படியெல்லாம் இல்லம்மா" என்றுதான் சொல்வாள். அப்படி இல்லாத ஒரு இடத்தை நான் பார்த்ததில்லை, அதனால் எப்படி நினைத்துப் பார்ப்பது என்றும் தெரியவில்லை. ஆனால் முழித்துக்கொண்டு நிற்கிற ஒன்றுக்குக் கூப்பிட வாய் கொடுக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

"போய் அதைச் சரி பண்ணு" என்றேன்.

"பண்றேன்மா. சாயந்தரத்துக்குள்ள பண்ணிருவேன்."

"இங்க இல்லடி. அங்க போய்ப் பண்ணுன்னு சொல்றேன்."

அவள் எழுந்தே விட்டாள். மடியில் இருந்த கம்ப்யூட்டர் நழுவப் போய்ப் பிடித்துக்கொண்டாள். "நிஜமாவா? நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு, யோசிச்சுக்கம்மா."

"நான் யோசிச்சுட்டுத்தான் சொல்லுவேன். உங்கப்பா மாதிரி படுத்துகிட்டுச் சொல்ல மாட்டேன்."

இவர் கட்டிலிலிருந்து, "புரிஞ்சிருச்சா உனக்கு?" என்றார்.

"என்ன வேலைன்னு தெரிஞ்சுகிட்டேன். புரியல."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அந்தக் கேசட்டுல ஆடு கத்துனப்ப நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு தெரிஞ்சுது. ஏன் பொய் சொன்னீங்கன்னு புரியல. அதுதான் வித்தியாசம்" என்றேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். அவருக்குச் சிரிப்பா வருத்தமா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

மகள் கம்ப்யூட்டரில் இரண்டு வரி எழுதினாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். வருகிறேன், நன்றி, அவ்வளவுதான் இருந்தது. இதற்கா இத்தனை நாள் என்று இருந்தது எனக்கு.

"நீயே அமுக்கு" என்றாள்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் காட்டிய இடத்தில் அமுக்கினேன். எழுதியது மறைந்துவிட்டது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"போயிருச்சா?"

"போயிருச்சும்மா."

"சத்தமே இல்லையே."

"சத்தமெல்லாம் வராதும்மா."

"அவங்க கையில கிடைச்சுதா, இல்ல எங்கயாவது வச்சிருக்கா?"

அவள் என் தோளில் சாய்ந்து சிரித்தாள். சரியான கேள்வியைத்தான் கேட்டேனா, தப்பாகக் கேட்டுவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. சேறு காய்ந்து கால் இழுக்கத் தொடங்கியிருந்தது. கால் கழுவ எழுந்தேன்.